ரகுராஜ்பூர்த் திண்ணைகள்

புரி ஜெகந்நாதரைத் தரிசித்துத் திரும்பும் நம் வாடிக்கையாளர்கள் பலருடைய பையில் இரண்டு பொருள்கள் தவறாமல் இருக்கும். ஒன்று, கோயில் வீதியில் வாங்கிய காஜா என்னும் இனிப்பு. மற்றொன்று, பெரிய வட்டக் கண்களுடன் ஜெகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவரும் வரிசையாக நிற்கும் ஒரு சிறிய ஓவியம். காஜா ரயிலிலேயே பாதி தீர்ந்துவிடும். ஓவியம் பூசையறைச் சுவரில் இடம்பிடித்துக்கொள்ளும். அதை வரைந்த கை எந்த ஊரைச் சேர்ந்தது என்று பிறகு எவரும் விசாரிப்பதில்லை.

நாமும் விசாரித்ததில்லை. இத்தனைக்கும், வங்கிப் பணியின் தொடக்கத்தில் ஒடிசாவின் கடலோரக் கிளையொன்றில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர்கள் நாம். சென்ற ஆண்டு அலுவல் நிமித்தமாகப் புவனேஸ்வர் செல்ல நேர்ந்தபோது, இடையில் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை அந்த ஊருக்கென்று ஒதுக்கிக்கொண்டோம். புரிப் பக்கத்துக் கிளையொன்றின் மேலாளரான நண்பர் வழித்துணையாக வந்தார். அந்த ஊரில் நமக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. அதனைப் பின்னர் சொல்கிறோம்.

புரியிலிருந்து புவனேஸ்வர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் சந்தன்பூர் என்னும் சிறிய கடைத்தெரு வருகிறது. அங்கிருந்து கிளைச்சாலையில் திரும்பினால், தென்னையும் பனையும் மாவும் பலாவும் அடர்ந்த தோப்புகளுக்கு நடுவே, பார்கவி ஆற்றின் கரையில் அமைந்திருக்கிறது ரகுராஜ்பூர். நீண்ட ஒரே தெரு. எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். நடுவில் வரிசையாகச் சிறு சிறு கோயில்கள். வீடுகளின் எண்ணிக்கை நூற்றுச் சொச்சம்தான். ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒரு திண்ணை. நம் ஊர்களில் இடித்துவிட்டு இரும்புக் கதவு போட்டோமே, அதே திண்ணை. இங்கு அதுதான் பட்டறை, அதுதான் கடை, அதுதான் பள்ளிக்கூடம். ஏதேனும் ஒரு கைவினையில் ஈடுபடாத குடும்பம் இந்த ஊரில் இல்லை என்று சொல்கிறார்கள். தெருவில் ஒருமுறை நடந்து பார்த்தவர்களுக்கு அதில் ஐயம் தோன்றாது.

முதலில் நம்மை அமரச் சொன்ன திண்ணையில் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வரைந்துகொண்டிருந்தார். கையைத் தாங்கக் கட்டை இல்லை, அளவுகோல் இல்லை, பென்சில் கோடும் இல்லை. தூரிகையை எடுத்தார், யானையின் முதுகு ஒரே வளைவில் வந்து நின்றது. ‘முன்பே கோடு போட்டுக்கொள்ள மாட்டீர்களா?’ என்று கேட்டோம். ‘அறுபது வருடமாகப் போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் சார்’ என்றார்.

பட்டசித்திரம் என்பது துணி ஓவியம். ‘பட்ட’ என்றால் துணி. நம் தமிழில் ‘படம்’ என்னும் சொல்லுக்கும் சீலை என்ற பொருள் உண்டு என்பதை அகராதிகள் சொல்கின்றன. சீலையில் தீட்டியதே படமாயிற்று போலும். இந்தச் சீலையை உருவாக்குவதே ஒரு தனித் தொழில். பழைய, நன்கு துவைத்து மென்மையேறிய பருத்திச் சேலைகளைத்தான் எடுக்கிறார்கள். புளியங்கொட்டைகளைச் சில நாள்கள் நீரில் ஊறவைத்து, அரைத்து, காய்ச்சிக் கூழாக்குகிறார்கள். அந்தக் கூழைத் தடவி ஒரு துணியின் மேல் மற்றொன்றை ஒட்டுகிறார்கள். உலர்ந்தபின், சுண்ணாம்புக்கல் தூளைக் கூழுடன் குழைத்து இருபுறமும் பூசுகிறார்கள். மீண்டும் வெயில். அதன் பிறகு முதலில் சொரசொரப்பான கல்லாலும் அடுத்து வழுவழுப்பான கல்லாலும் மணிக்கணக்கில் தேய்க்கிறார்கள். தேய்த்து முடிந்ததும் துணி துணியாக இருப்பதில்லை. விரலால் சுண்டினால் தோல்போல ஒலிக்கிறது. இந்த வேலையை அநேகமாக வீட்டுப் பெண்களே செய்கிறார்கள். ஓவியத்தின் மூலையில் அவர்களுடைய பெயர் இடம்பெறுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஆயினும் நாம் சென்ற மூன்று வீடுகளில் இரண்டில் பெண்களே தூரிகை பிடித்திருந்தார்கள். முன்பு நிறம் நிரப்புவதோடு நின்றவர்கள் இப்போது கோடும் இழுக்கிறார்கள்.

நிறங்களின் பட்டியலைக் கேட்டபோது, சித்த மருந்துக் கடையில் நிற்பது போலிருந்தது. வெண்மைக்குச் சங்கு, அதைப் பொடித்து, நீரில் அரைத்து, காய்ச்சி எடுக்கிறார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம். மஞ்சளுக்கு அரிதாரம். நம் கூத்துக் கலைஞர்களின் முகப்பூச்சுக்கே பெயராகிவிட்ட அதே அரிதாரம்தான். கறுப்புக்கு எண்ணெய் விளக்கின் புகையைச் சட்டியின் அடியில் பிடித்துச் சேர்த்த கரி. நீலத்துக்கு அவுரி. இவை அனைத்தையும் பிடித்து நிறுத்துவது விளாமரத்துப் பிசின். கொட்டாங்கச்சிகளே நிறக் கிண்ணங்கள். பரந்த பரப்புக்குத் தாழை வேரின் நுனியை நைத்துச் செய்த தூரிகை. நடுத்தரக் கோட்டுக்கு எருமை முடி. கண்ணிமை வரைய அணில் அல்லது கீரியின் முடி. இன்று கடையில் விற்கும் தூரிகைகளும் அக்ரிலிக் வண்ணங்களும் திண்ணைக்கு வந்துவிட்டன. எல்லாரும் பழைய முறையையே பின்பற்றுகிறார்கள் என்று எழுதினால் அது உண்மையாகாது.

வரையும் வரிசை மாறுவதில்லை. முதலில் ஓரக்கரை. பின்னர் உருவங்களின் வெளிக்கோடு, அதற்குள் நிறம், ஆடை, அணிகலன். இறுதியாகக் கறுப்பில் நுண்கோடுகள். கண் கடைசியில்தான். முடிந்தபின் அரக்குப் பூச்சுக் கொடுத்துத் தணல் வெப்பத்தில் காட்டினால் மெருகு ஏறி, நீர்த்துளி பட்டாலும் தாங்கும் நிலை வந்துவிடுகிறது.

இந்த ஓவியத்தின் வேர் ஜெகந்நாதர் கோயிலில் இருக்கிறது. ஆனி மாதத்தை ஒட்டி வரும் ஜ்யேஷ்ட பௌர்ணமியன்று மூன்று தெய்வங்களுக்கும் 108 குடம் நீரால் திருமஞ்சனம் நடைபெறும். அத்தனை குடம் குளிர்ந்த நீரில் நனைந்ததால் அவர்களுக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது என்பது அங்குள்ள நம்பிக்கை. ஏறத்தாழப் பதினைந்து நாள்கள் தரிசனம் கிடையாது, கஷாயமும் ஓய்வும்தான். ‘அணசர’ எனப்படும் அந்த நாள்களில் பக்தர்கள் எதை வணங்குவது? துணியில் தீட்டிய மூன்று படங்களைத் தெய்வங்களின் இடத்தில் தொங்கவிடுகிறார்கள். கோயிலுக்கு உரிமைப்பட்ட சித்திரகார் குடும்பத்தினர் அவற்றை விரதமிருந்து தீட்டுகிறார்கள். தேரோட்டத்துக்கு முன் தெய்வம் குணமாகி வரும்வரை ஓவியமே தெய்வம். உலகில் எத்தனையோ அரசர்கள் ஓவியர்களுக்குப் பதவி கொடுத்திருக்கிறார்கள். விடுப்பில் சென்ற கடவுளின் பொறுப்பை ஓவியத்திடம் ஒப்படைத்த ஏற்பாடு வேறெங்கும் இருப்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

கோயில் இருந்தும் இக்கலை ஒரு கட்டத்தில் மெலிந்தது. மலிவான அச்சுப் படங்கள் பெருகிய காலத்தில் யாத்திரிகர்கள் கையால் தீட்டியதற்குக் கூடுதல் விலை கொடுக்க விரும்பவில்லை. சித்திரகார்கள் பலர் வயல் வேலைக்கும் கொத்து வேலைக்கும் போய்விட்டார்கள். 1950களில் ஹலீனா ஜீலி என்னும் அயல்நாட்டுப் பெண்மணி இந்த ஊருக்கு வந்து, எஞ்சியிருந்த ஓவியர்களைத் தேடிக் கண்டு, அவர்களை மீண்டும் வரையத் தூண்டி, ஓவியங்களுக்கு வெளியூர்ச் சந்தையையும் காட்டினார். அவரைப் பற்றி ஊரில் இன்றும் நன்றியுடன் பேசுகிறார்கள். 2000ஆம் ஆண்டில் இன்டாக் அமைப்பின் முயற்சியால் ரகுராஜ்பூர் பாரம்பரியக் கிராமம் என்ற தகுதியைப் பெற்றது. ஒடிசி நடனத்தை உலக மேடைக்குக் கொண்டு சென்ற குரு கேளுசரண் மகாபாத்ரா 1926இல் பிறந்தது இதே தெருவில், ஒரு சித்திரகார் குடும்பத்தில். சிறுவர்கள் பெண் வேடமிட்டு ஆடும் கோட்டிபுவா ஆட்டத்தில் தொடங்கியவர் அவர். அந்த ஆட்டம் இன்னும் இங்கே கற்பிக்கப்படுகிறது. நாம் சென்ற வேளையில் தெருக்கோடியிலிருந்து மத்தள ஒலி கேட்டது. ஓவியத்தில் நாம் பார்த்த இடையின் மூன்று வளைவும் அங்கே ஆடிய சிறுவனின் உடலில் வந்த வளைவும் ஒன்றே.

அடுத்த வீட்டில் துணி இல்லை, ஓலை. இங்கே தமிழ் வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பனையோலையை வாட்டி, மஞ்சளிட்டு வேகவைத்து, உலர்த்தி, ஒரே அளவில் நறுக்கி, இரும்பு எழுத்தாணியால் கீறி, கரியைத் தடவித் துடைப்பது. நம் முன்னோர் சங்கப் பாடல்களையும் நிலக் கணக்கையும் எழுதிவைத்த முறையும் இதுதான். வேறுபாடு, நாம் எழுத்தோடு நின்றோம். இவர்கள் சித்திரத்துக்குச் சென்றார்கள். நறுக்கிய ஓலைகளை நூலால் தைத்து, விசிறிபோல் மடித்து விரிக்கும்படி செய்கிறார்கள். சில ஓலைகளில் காசளவு வட்டங்கள் வெட்டி மூடியிருக்கும். வட்டத்தைத் தூக்கினால் உள்ளே மற்றொரு சித்திரம். ஓர் இளைஞர் தசாவதார ஓலையொன்றைக் கீறிக்கொண்டிருந்தார். ஓலையில் அழிப்பான் செல்லாது. ஒரு கீறல் தவறினால் அந்த ஓலை முழுவதும் வீண். வங்கிப் பேரேட்டிலாவது ஒப்பமிட்டு அடித்துத் திருத்த நமக்கு உரிமை உண்டு என்று நண்பர் மெல்லச் சொன்னார்.

பிறகு வீடு வீடாகப் பார்த்தவற்றையெல்லாம் விவரித்தால் இதழ் போதாது. டசர் பட்டில் தீட்டிய சேலைத் தலைப்புகள், முழுத் தேங்காயின் மேல் ராசலீலை, கொட்டைப் பாக்கில் நகக்கண் அளவு ஜெகந்நாதர், காகிதக் கூழில் முகமூடிகள், பசுஞ்சாணத்தில் கிளியும் புலியும், மாவுக்கல் சிற்பங்கள், மரப் பொம்மைகள். வட்ட வடிவிலான கஞ்சப்பாச் சீட்டுகளையும் ஒரு முதியவர் எடுத்துக் காட்டினார். ஆட்டம் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். சீட்டு மட்டும் அலங்காரப் பொருளாக விற்கிறது என்றார்.

இவற்றுக்கு நடுவே, திண்ணைதோறும் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தவை காலிக் கண்ணாடிப் பாட்டில்கள். அவற்றின் மேல் வண்ணம் பூசி, மயிலும் மீனும் வரைந்திருந்தார்கள். தேநீர்க் கெண்டிகள்கூட இருந்தன. நமக்கு முகம் சற்றுச் சுருங்கியதைப் பெரியவர் கவனித்துவிட்டார். ‘இது மட்டம் என்று நினைக்கிறீர்கள், இல்லையா?’ என்று கேட்டவர், பக்கத்தில் விரித்திருந்த பெரிய சீலையைக் காட்டினார். நவநாரி குஞ்சரம். ஒன்பது பெண்கள் ஒருவரோடொருவர் பிணைந்து ஒரு யானையாகத் தோன்றும் உருவம். தென்னாட்டுக் கோயில் சிற்பங்களிலும் இதனைக் காணலாம். ஓரத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான கொடிச் சுருள்கள். ‘இதற்கு மூன்று மாதம். முடித்தால் நல்ல விலை வரும். ஆனால் மூன்று மாதம் அரிசிக்கடைக்காரர் காத்திருப்பாரா? பாட்டில் இரண்டு நாளில் முடிந்துவிடும், மூன்றாம் நாள் விற்றுவிடும். பாட்டில்தான் இந்த யானைக்குச் சோறு போடுகிறது சார்.’

வணிகவியல் படித்த நமக்கு நடைமுறை மூலதனம் என்பதன் இலக்கணத்தை இவ்வளவு தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லித் தந்ததில்லை.

அந்த மூன்று மாதத்தை யார் தாங்குகிறார்களோ அவர்களே ஓவியத்தின் விலையையும் தீர்மானிக்கிறார்கள். பெரும்பாலும் அது ஒரு வியாபாரியின் முன்பணமாக இருக்கிறது. முன்பணம் வாங்கியவர் ஓவியத்தை வேறெவருக்கும் விற்க முடியாது. விலையும் முன்பே பேசியதுதான். வியாபாரி இல்லாவிட்டால் பாட்டில். பாட்டிலும் வேண்டாமென்றால், ஊரை விட்டுக் கூலி வேலை. சித்திரகாரின் மகன் தூரிகை பிடிப்பானா என்பது அவனுடைய திறமையைப் பொறுத்தது அன்று; இடைப்பட்ட தொண்ணூறு நாள்களுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. அதன்மேல் இயற்கையும் விளையாடுகிறது. 2019 மே 3 அன்று புரிக் கரையில் ஏறிய ஃபானி புயல் இந்தத் தோப்புகளைச் சாய்த்து, வீடுகளுக்குள் புகுந்து, சுருட்டி வைத்திருந்த ஓவியங்களை நனைத்துவிட்டது. அடுத்த ஆண்டே கொரோனா. யாத்திரிகர் இன்றித் தேரோடிய ஆண்டு அது. யாத்திரிகர் இல்லாத புரியில் ஓவியத்தை யார் வாங்குவார்?

இப்போது அந்தப் பழைய கணக்கு.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நாம் பணியாற்றிய அக்கிளைக்கு இந்த ஊரிலிருந்து ஒருவர் வந்தார். நம்மைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர். கையில் சுருட்டிய மூன்று ஓவியங்கள். பையில் கடன் விண்ணப்பம். பெரிய சீலை ஒன்றைத் தீட்டத் தொகை கேட்டிருந்தார். கையிருப்பு விவரம் தரும்படி சொன்னோம். பழைய பருத்திச் சேலை பன்னிரண்டு, புளியங்கொட்டை ஐந்து கிலோ, சங்குத் தூள், பிசின் என்று எழுதிக் கொடுத்தார். பிணை, ஜாமீன்தாரர், மூலப்பொருள் விற்பவரின் விலைப்புள்ளி என்று நாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டோம். பழைய சேலைக்கு யார் விலைப்புள்ளி தருவார்? அவர் ஓவியங்களை விரித்துக் காட்ட முனைந்தார். முகப்பில் வரிசை நின்றது, வேண்டாம் என்றோம். ‘போதிய பிணை இல்லை’ என்று குறித்து விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கைவினைஞர் கடன் அட்டைத் திட்டம் 2003இலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் சுற்றறிக்கை நம் மேசையின் எந்தக் கோப்பில் இருந்ததென்று அன்று நாம் தேடவில்லை. விதியை மீறவில்லை என்பது உண்மை. ஓவியத்தைப் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

அன்றைக்கு இல்லாத வாய்ப்புகள் இன்று உள்ளன. வாடிக்கையாளர்களில் கைவினைஞர் எவரேனும் இருந்தால் பயன்படும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தில், சிசு என்னும் பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையிலும் பிணையின்றிக் கடன் பெறலாம். ஓவியரும் இதற்குத் தகுதியுடையவரே. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரகம் வழங்கும் ‘பெஹ்சான்’ அடையாள அட்டை இருந்தால், தாம் இன்ன கைவினைஞர் என்பதை வேறு சான்று தேடி நிறுவ வேண்டிய தொல்லை குறையும். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் முதலில் 1 லட்சமும் அதனை முறையாக அடைத்தபின் 2 லட்சமும் 5 விழுக்காடு வட்டியில் கிடைக்கின்றன. ஆனால் அத்திட்டத்தின் 18 தொழில்களின் பட்டியலில் சிற்பியும் பொம்மை செய்பவரும் உள்ளனர். சீலையில் தீட்டும் ஓவியர் இல்லை. ரகுராஜ்பூரில் இதன் பொருள் விநோதமானது. ஒரே திண்ணையில் அமர்ந்து மரப்பொம்மை செய்யும் அண்ணனுக்கு அத்திட்டம் உண்டு. அந்தப் பொம்மைக்குக் கண் வரையும் தம்பி, சீலையில் வரைந்தால் அவருக்கு இல்லை. பட்டியல்கள் விரிவடையக்கூடியவை, விரிவடையட்டும். அதுவரை தம்பிக்கு முத்ரா இருக்கிறது.

இன்னொன்றையும் நம் சக அலுவலர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். ஓவியருக்கு மாதத் தவணை பொருந்தாது. அவருடைய வருவாய் தேரோட்டத்தை ஒட்டியும், குளிர்காலச் சுற்றுலாப் பருவத்திலும் மொத்தமாக வருகிறது. பயிர்க்கடனுக்கு அறுவடையைப் பார்த்துத் தவணை வைக்கத் தெரிந்த நமக்கு, தேரைப் பார்த்து வைக்கவும் தெரிய வேண்டும். நண்பர் தம் கிளையில் அப்படித்தான் வைத்திருக்கிறார்.

பெரியவரிடமே திரும்பி வந்தோம். நாம் தமிழ்நாட்டுக்காரர் என்று அறிந்ததும் அவர் உள்ளே சென்று வேறொரு சுருளைக் கொண்டுவந்து விரித்தார். ‘உங்கள் ஊர்க் கதை’ என்றார் குறும்பாக. இரண்டு குதிரைகள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. மேலே இரண்டு வீரர்கள். எதிரே தலையில் பானையுடன் ஒரு பெண். காஞ்சிப் படையெடுப்பு. கஜபதி மன்னர் புருஷோத்தம தேவருக்குப் பெண் தர மறுத்தாராம் காஞ்சி அரசர். தேரோட்டத்தின்போது ஜெகந்நாதரின் தேர்த்தட்டைத் துடைப்பத்தால் பெருக்குபவருக்குப் பெண் தருவதா என்பது அவர் கேள்வி. முதல் போரில் தோற்ற கஜபதி மீண்டும் கிளம்பும்போது, ஜெகந்நாதரும் பலபத்திரரும் சாதாரண வீரர்களாக உருமாறி முன்னால் செல்கிறார்கள். வழியில் தாகம். மாணிக்கா என்னும் ஆய்ச்சியிடம் தயிர் வாங்கிக் குடிக்கிறார்கள். கையில் காசு இல்லை. மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, பின்னால் வரும் அரசர் பணம் தருவார் என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். அரசர் வந்து மோதிரத்தைப் பார்த்ததும் யார் முன்னே செல்கிறார் என்று புரிந்துகொள்கிறார். மாணிக்காவுக்குக் கிடைத்த ஊர்தான் சிலிகா ஏரியருகே உள்ள மாணிக்கபட்டணம் என்பார்கள்.

இறுதியில் காஞ்சி தோற்கிறது. நமக்கு அது சற்று வருத்தமே. ஆயினும் வங்கியாளர் கண்ணில் பட்டது வேறு: ஜெகந்நாதரே நகையடகு வைத்துத்தான் தயிர் குடித்திருக்கிறார். இதைச் சொன்னதும் பெரியவர் நெடுநேரம் சிரித்தார். பின்னர், ‘மோதிரம் இல்லாதவனுக்கும் மாணிக்கா தயிர் கொடுத்திருப்பாளா என்பதுதான் தெரியவில்லை’ என்றார். அந்தச் சுருளை நாம் வாங்கிக்கொண்டோம். விலை பேசவில்லை. தொகை நண்பரின் கிளைக் கணக்குக்கே கைபேசி வழியாகச் சென்று சேர்ந்ததைப் பெரியவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

புறப்படும் முன், இருபது ஆண்டுகளுக்கு முன் வந்தவரின் பெயரைச் சொல்லி விசாரித்தோம். அவர் வரைவதை விட்டு வெகுகாலம் ஆயிற்று என்றும், சந்தன்பூர்ச் சாலையில் தேநீர்க்கடை வைத்திருக்கிறார் என்றும் சொன்னார்கள்.

கடை சிறியது. தகரக் கூரை, மண்ணெண்ணெய் நிறத்தில் ஒரு மேசை, பிஸ்கட் ஜாடிகள். சுவரில் நாட்காட்டி தவிர ஒரு படமும் இல்லை. தலை நரைத்திருந்தது, முகம் மாறவில்லை. தேநீர் குடித்து முடிக்கும்வரை நமக்குப் பேச்சு எழவில்லை. பிறகு, அரைகுறை ஒடியாவில், இன்ன ஆண்டு, இன்ன கிளையில் அந்த விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தவர் நாம்தான் என்று சொன்னோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை.

‘அந்தப் படிவம் நல்ல தாள் சார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் நவநாரி குஞ்சரத்துக்கு மாதிரி வரைந்தேன். சீலையில் ஏற்றவே இல்லை.’

அந்தத் தாள் எங்கே என்று கேட்டோம். புயலில் போய்விட்டது என்றார்.

பிஸ்கட் ஜாடிகளுக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் நான்கைந்து ஓலைத் துண்டுகள் நூலில் கோத்துத் தொங்கின. புத்தகத்தில் அடையாளம் வைப்பதற்கானவை. கீறல்கள் மெலிதாக, நடுங்காமல் இருந்தன. மீனின் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ‘மகள்’ என்றார். கல்லூரி முடித்திருக்கிறாள்; சீலையிலும் வரைவாள்; பெரிதாக ஒன்று தொடங்க வேண்டுமென்கிறாள்; எங்கிருந்து தொடங்குவது?

நண்பர் எழுந்து வண்டிக்குச் சென்று ஒரு படிவத்துடன் திரும்பினார். அவர் மகளுக்குத் தொலைபேசியில் சொல்லியனுப்ப, சற்று நேரத்தில் அந்தப் பெண் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். மேசையைத் துடைத்துப் படிவத்தை விரித்தாள். பெயர், தந்தை பெயர், முகவரி வரை எழுதியவள், ‘தொழில்’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தித் தந்தையைப் பார்த்தாள்.

‘தேநீர்க்கடை என்று எழுதட்டுமா?’

‘சித்திரகார்’ என்றார் அவர், பால் சட்டியிலிருந்து தலையைத் திருப்பாமல்.